காத்து நிக்குதோ

பிரதேச செயலகக் களஞ்சியத்தில் இருந்து
லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிவந்து
கடைவாசலில் தள்ளினார்கள்.
சுருட்டின படங்கு என்று நினைத்தேன்.
விரித்தால் படகு.

"மாரிக்கு முன்னம் ஒருக்கால் பாருங்கோ"
என்றார் களஞ்சியக்காரர் திருவருள்நாதன்.
பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியாயிற்றாம்:
பாவனைக்கு உதவாது.
புதிசு கேட்டுக் கடிதம் போட்டு மூன்று வருசம்.
இரணைமடுக் கதவைத் திறந்தால்
தண்ணி கடிதம் பார்த்து வராது.

நான் முரசுமோட்டையில் ரயருக்கு ஒட்டுப்போடுகிறவள்.
சைக்கிள், மோட்டச்சைக்கிள், உழவுமெசின்,
ஒருமுறை ஆசுபத்திரிச் சக்கரநாற்காலி.
படகு இதுதான் முதல்.
என்றாலும் காத்து காத்துத்தானே.

பக்கவாட்டில் மூன்று எழுத்து இருந்திருக்கிறது.
யாரோ மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
எந்த நிறுவனம், எந்த வெள்ளம்,
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் மிதித்தேன், பிறகு குலேந்திரன் மிதித்தான்.
வலது பக்கம் எழும்பி நின்றது.
இடது பக்கம் அரைவாசி எழும்பி
யோசித்து
திரும்பப் படுத்தது.

சவர்க்காரத் தண்ணி தடவிப் பார்த்தேன்.
ரப்பரில் ஒரு பொட்டும் இல்லை.
வால்கட்டையைச் சுற்றித்தான்
சோத்துப்பானை பொங்குகிற மாதிரி நுரை.

சைக்கிள் வால்கட்டை இல்லை இது.
சோடாமூடி அகலத்தில் வாய்,
உள்ளுக்கு நாக்கு மாதிரி ஒரு ரப்பர்த் தகடு.
ஊதினால் விலகும், நிறுத்தினால் பொத்தும்.
உள்ளே விடும், வெளியே விடாது.
இந்தப் பக்கத்து ஆக்களுக்கு
அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

திருகு இறுகிக் கிடந்தது.
குறட்டால் பிடித்தால் வெடிக்கும்.
சுடுதண்ணித் துணியைச் சுற்றிவிட்டு
ஒரு சைக்கிளுக்கு ஒட்டுப்போட்டு முடித்து
வந்து கையாலேயே திருப்பினேன்.

நாக்கின் ஓரத்தில் மணல்.
நாலைந்து மணிதான், அதில் ஒன்று சிப்பித்துண்டு.
குளத்து மண் இவ்வளவு வெள்ளையாய் இராது.
திருவருள்நாதன் குனிந்து
விரல்நுனியால் ஒற்றி எடுத்தார்.
காற்சட்டையில் துடைக்கப் போனவர்
துடைக்காமல்
கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.
தேத்தண்ணி வந்தது.
மற்றக் கையால் வாங்கினார்.

பழைய நாக்கு காய்ந்து சுருண்டிருந்தது.
புதிதாய் வெட்டவேண்டும்.
உழவுமெசின் ரியூப்பில் வெட்டியது தடிப்பு,
காத்து உள்ளுக்கே போகவில்லை.
மோட்டச்சைக்கிள் ரியூப்பில் வெட்டியது கோணல்.
சைக்கிள் ரியூப்பில் வெட்டி, பிளேட்டால் ஓரம் சீவி,
கிளிசரின் ஒரு சொட்டு.
தேங்காயெண்ணெய் பூசச் சொன்னான் குலேந்திரன்.
எண்ணெய் ரப்பரைத் தின்னும் என்றேன்.
"அப்ப உங்கட கை?" என்றான்.

பின்னேரம் தட்டிப் பார்த்தால்
பூசணிக்காய்ச் சத்தம்.
கடைக்குள் வைத்துப் பூட்டினேன்.
ரயர்களை வெளியே அடுக்கவேண்டி வந்தது.

விடியப் பார்த்தால் தொய்ந்து கிடக்கிறது.
தூசணம் ஒன்று வாயில் வந்தது, சொன்னேன்.
திரும்பவும் சவர்க்காரம். நுரை இல்லை.
மூடியைக் கழற்றி எச்சில் தொட்டு வைத்தேன்,
எச்சில் அசையவில்லை.
படகுக்கு மேலேயே குந்திவிட்டேன்.

ஒன்பது மணிபோல
தகரக் கூரை சுடத் தொடங்க
எனக்குக் கீழே ஏதோ மெல்ல எழும்பியது.
நான் மிதிக்கவில்லை. ஒருத்தரும் தொடவில்லை.
காத்து எங்கேயும் போகவில்லை,
இரவுக் குளிருக்கு ஒடுங்கி
உள்ளுக்கேதான் இருந்திருக்கிறது.

காசுக்கு மூன்று இடத்து விலைமனு வேண்டுமாம்.
இந்த ரோட்டில் நான் ஒருத்திதான்.
உதவாதென்று எழுதின சாமானுக்குத்
திருத்தக்கூலி எழுதவும் வழி இல்லையாம்.
தன் பொக்கற்றில் இருந்து ஐந்நூறு தந்தார்.
படகைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று
அவருக்கே தெரியவில்லை.

அதனால் அது என்னட்டை.
மத்தியானத்தில் கொஞ்சம் காத்து எடுத்துவிடுவேன்,
இல்லாவிட்டால் தையல் விடும்.
மேற்கே கறுத்தால்
குலேந்திரன் ஃபோன் அடிக்கிறான்.
"அக்கா, நிக்குதோ?"
எழும்பிப் போய்க் காலால் ஒரு தட்டு.
"நிக்குது."