அவளுக்கு நான் ஜப்பான்

இசக்கியின் பதினோரு வருடங்களைப் பற்றிப் பேச
என் முதுகைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

பரேல் பணிமனைக்குப் பின்னால் அந்தக் கூடம்.
ஆடியில் ஒழுகும், சித்திரையில் வேகும்.
நீல மெத்தை, டெட்டால் வாடை,
சுவருக்கு அப்பால் ஐந்தே முக்கால் லோக்கல்.
அது கடக்கும்வரை
பிடியில் இருக்கும் இருவரின் பற்களும் அதிரும்.

ஆசியப் போட்டிக்கு முன்னால்
"நீ ஜப்பான்" என்றார் கோர்படே சார்.
இடது கால் முன்னே, தலை தாழ,
பிடித்த மணிக்கட்டை விடாமல்
ஆறு வாரம் ஜப்பானாக இருந்தேன்.
பிறகு மங்கோலியா. பிறகு உக்ரைன்.
பிறகு, எல்லாரையும்விடக் கஷ்டமாக,
ரோத்தக்கிலிருந்து ஒருத்தி.
வீடியோவில் அவர்கள் மூச்சு விடுவதைப் பார்த்து
அப்படியே மூச்சு விட்டேன்.
உலகத்தின் ஐம்பத்து மூன்று கிலோ மொத்தத்தையும்
இசக்கி முதலில் சாய்த்தது
என் உடம்பில்தான்.

மே மாதம்.
தாராவி நடைமேம்பாலத்தில்
பிளாஸ்டிக் உறையை உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடினோம்.
அவளுக்கு நானூறு கிராம் இறங்க வேண்டும்.
எனக்கு ஒன்றும் இறங்க வேண்டியதில்லை.
புளிப்பு மிட்டாயைச் சப்பிச் சப்பி
பாட்டிலில் எச்சிலைத் துப்பினாள்.
இஸ்திரி வண்டிக்காரர் கேட்டார், "எத்தனை மாசம்மா?"
அதற்குப் பிறகு சிரித்துச் சிரித்தே
ஐம்பது கிராம் குறைந்திருக்கும்.

அவள் வலது காதும் என் வலது காதும்
ஒன்றோடொன்று உரசியே தடித்துப்போனவை.
மகளிர் பெட்டியில் கேட்பார்கள்,
அக்கா தங்கச்சியா என்று.

வெள்ளி ஒன்று, வெண்கலம் மூன்று,
பெயரை ஈஷாக்கி என்று வாசித்த அறிவிப்பாளர்கள் ஆறு பேர்.
ரயில்வே வேலை வந்தது.
குர்லாவில் கறுப்புக் கோட்டு.
டிக்கெட் இல்லாமல் நழுவியவனை அவள் துரத்தவில்லை,
மணிக்கட்டில் சும்மா கை வைத்தாள்.
அபராதத்தைச் சில்லறையோடு எண்ணிக் கொடுத்தான்.

ஒரே ஒருமுறை எதிரெதிரே நின்றோம்,
மாநிலத் தேர்வில்.
அவள் சிவப்பு, நான் நீலம்.
விசில் ஊதியதும்தான் உறைத்தது,
அன்றைக்கு நான் யாராகவும் நிற்க வேண்டியதில்லை என்று.
எந்தக் காலை முன்னே வைப்பேன் நான்?
தெரியவில்லை.
அவளுக்கும் தெரியவில்லை.
அந்த ஒரு நிமிடம் அவள் என்னைப்
புதிதாகப் பார்த்தாள்.

பாய்வதற்குமுன் அவள் இடது கட்டைவிரல்
தொடையை ஒருதடவை தொடும்.
அது எனக்குத் தெரியும்.
இரண்டு வருடமாக ஒளித்துவைத்திருந்த
இடது முழங்காலும் தெரியும்.
அதைத் தொடவில்லை என்று சொன்னால் நல்லாயிருக்கும்.
தொட்டேன். பிடித்துத் திருகினேன்.
இரண்டு புள்ளி.

நான்கு–நான்கு.
சமமானால் கடைசியாக எடுத்தவளுக்கு.
கடைசியாக எடுத்தவள் அவள்,
ஒன்பது வினாடி இருக்கும்போது.
ஒரு வாரம் பேசவில்லை நாங்கள்.
எட்டாம் நாள் கோர்படே சார் சொன்னார், "நீ கஜகஸ்தான்."
நின்றேன்.

போன மார்கழியில் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம்
ஒரே நிமிடத்தில் சித்தானாள்.
ஓய்வு பெறுகிறவர்கள் காலணியை
மெத்தையில் விட்டுவிட்டு வருவார்களே,
அவள் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.
ரயில்வே கொடுத்தது, ரிஜிஸ்டரில் இருக்கு,
திருப்பித் தரணும் என்றாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன்.

இப்போது கூடத்தில் ஏழு புதுப் பெண்கள்.
நேற்று கோர்படே சார் கூப்பிட்டார்,
"இதுங்களுக்குக் கொஞ்சம் இசக்கியாக நில்."

யோசிக்கவே இல்லை.
இடுப்பு இறங்கியது, தோள் சரிந்தது,
கட்டைவிரல் தானாகப் போய்த் தொடையைத் தொட்டது.

டியூட்டி முடிந்து வந்து
கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தவள்
கேட்டாள்,
"நான் அப்படியா நிப்பேன்?"