இறுகாத ஜாம்

மூன்று வாளி நிறைந்தது.
நாலாவது வாளி இல்லை.
அழுக்குத் துணிக்கூடையைக் கவிழ்த்துத் தட்டி
அதில் கொட்டினேன்.
இந்த வருஷம் ஜம்பு மரத்துக்கு என்ன வந்ததோ,
காய்த்துத் தள்ளிவிட்டது.

சுங்கை ஆராவில் எங்கள் வீட்டுப் பின்புறம்
துணிக்கொடிக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே
பத்தடி இடம். அதில் எட்டடி அதனுடையது.
பாயான் லெப்பாசில் இறங்கும் விமானம்
தலைக்குமேல் உறுமிப் போகும்போதெல்லாம்
தகரக் கூரையில்
டொக்.
டொக்.
பகலில் தூங்கும் தவமலர்
தூக்கத்திலேயே எண்ணுவாளாம்.
"இன்னிக்குப் பதினாறு."

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
எனக்குத் தொழிற்சாலையில் பகல்.
கேட்டருகே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து
இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம்,
அதில் ஒன்று கேஸ் தீர்ந்ததைப் பற்றி.

விடியலில் ஐஸ்பெட்டியைத் திறந்தால்
உப்புத் தண்ணீரில் நாலு துண்டு மிதக்கும்.
டப்பா மூடியில் பிளாஸ்டர் ஒட்டி
மருந்துச்சீட்டுக் கையெழுத்தில்:
"புழு பார்த்தாச்சு. நம்பிச் சாப்பிடலாம்."
நான் பெலாச்சான் சுட்டு, மிளகாய் இடித்து,
சீனி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு
கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் போவேன்.
மாலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்ந்திருக்கும்.

மக்சிக் ரொக்கியாவுக்கு ஒரு பை;
பை திரும்பி வந்தது, உள்ளே வாழைப்பழ அப்பம்.
எதிர்வீட்டு மிஸ்டர் ஊய்
சாமி மேடைக்கென்று சிவந்ததாக ஐந்து மட்டும் பொறுக்கினார்,
வௌவால் தொட்டிருக்கிறதா என்று
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து.
காவல் கூண்டில் தில்பகதூர் ஒன்றைக் கடித்தான்.
அவன் ஊர் மலையில் நிஜ ஆப்பிள் உண்டு.
மென்றான். யோசித்தான்.
"அண்ணே, இது தண்ணிக்குத் தோல் போட்டது" என்றான்.
இன்னும் நாலு எடுத்துக்கொண்டான்.

அப்படியும் கூடை குறையவில்லை.
முசுறு எறும்புகள் அடியிலிருந்து ஏறி
துணி சோப்பு வரை விசாரித்துவிட்டன.

சனி இரவு, ஜாம் போடலாம் என்று இறங்கினேன்.
நடுவில் இருக்கும் பஞ்சைக் கிள்ளி எறிந்து
நாலு கிலோ, இரண்டு கிலோ சீனி,
எலுமிச்சை ஆறு.
பத்து மணிக்குக் கொதித்தது.
பன்னிரண்டுக்கும் கொதித்தது.
தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால்
ஓடியது.
ஒரு மணிக்கு மறுபடி சாய்த்தேன்,
சட்டைவரை ஓடியது.

மூன்று மணிக்கு வார்டிலிருந்து கூப்பிட்டாள்.
பின்னால் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டுக் கூவியது.
"இறுகவே மாட்டேங்குது, மலர்."
சற்று மௌனம்.
"இறுகலன்னா குடிச்சிக்கலாம்.
அடுப்ப அணைச்சிட்டுப் படு."

மூன்று போத்தல், ரோஜா நிறத்தில்.
லேபிள் எழுத உட்கார்ந்து
பெயர் தெரியாமல் தேதி மட்டும் போட்டேன்.

ஞாயிறு அவளுக்கு ஓய்வு.
கவிழ்த்த வாளிகளில் இருவரும்.
ஐஸ், இரண்டு கரண்டி பாகு,
ஆளுக்கொரு அசாம் போய்.
அவள் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
வார்டு கதை ஒன்றைத் தொடங்கினாள்,
பாதியில் விமானம்.

டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக் டொக்.

"எத்தனை?" என்றேன்.
"முழிச்சிருக்கேன்ல,
இப்ப எதுக்கு எண்ணணும்?" என்று
விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்தாள்.