அட்டைக்கடி

பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்தது
கரும்பலகைக்குக் கீழே இரண்டு பாய் அகலம்.
பலகையில் இன்னும் அந்தப் புதன்கிழமை:
தொகை முப்பத்துநாலு, வரவு இருபத்தொன்பது.
யாரும் அழிக்கவில்லை.

பத்தாம் நம்பர் மலை இறங்கி வந்த இரவு
பணிய லயத்தில் ஏழு பேர்.
நாலு பேரை எடுத்தாயிற்று.
பெக்கோ வரும் என்கிறார்கள்,
பாதை விட்டால்.

திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு.
ரோஸ் நிறத் திரி ஏற்ற வேண்டிய நாள்.
கோயிலில் வைத்திருந்தது கோயிலோடு போனது.
நிவாரணப் பொதியில் வந்த வெள்ளைத் திரியில்
சவர்க்கார உறையைச் சுற்றி
ரோஸாக்கிக் கொடுத்தான் ரொசாரியின் மகன்.

உபதேசியார் சந்தியாகு வாசித்தார்,
சிறையில் கிடந்த ஒருவன் எழுதிய கடிதத்தை.
மகிழச் சொல்லியிருந்தான்.
ஒருதரம் போதாதென்று மறுபடியும்.
நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
அவனுக்கென்ன, சொல்லுவான்,
சிறைக்காவது கல்லுச் சுவர், மண் இறங்காது
என்றுகூட நினைத்தேன்.
கோபம் வந்தால் நான் இப்படித்தான்,
ஆண்டவருக்குத் தெரியும்.

அப்போதுதான் உறை பற்றிக்கொண்டது.
பீடமாய் நின்ற வாத்தியார் மேசையில்
நெருப்பு ஒரு சாண் எழும்ப,
மூக்குக்கண்ணாடியைப் பிடிப்பதா
கடிதத்தைப் பிடிப்பதா என்று உபதேசியார் தவிக்க,
தம்பி பெண்சாதி மக்தலேன் எழும்பி
கையிலிருந்த சாயத்தண்ணியை
ஒரே வீச்சாய் வீசினாள்.
திரி அணைந்தது.
உபதேசியாரின் தாடியில் இஞ்சித் துண்டொன்று தொங்கியது.

மண்டபம் முழுக்கச் சவர்க்கார வாசம்.

முதலில் சிரித்தது மக்தலேன்.
இன்னும் எடுபடாத மூன்று பேரில்
தம்பியும் ஒருவன்.
பிறகு பிள்ளைகள்.
பிறகு எங்கள் பூசை ஒன்றும் விளங்காத
அடுத்த பாய் மாரியாயி.
பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான்.
உபதேசியார் தாடியைத் துடைத்து,
விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.

அட்டை ஏறும்போது தெரியாது.
காலுக்குச் சவர்க்காரம் தடவி, சாக்கை இறுக்கி,
எத்தனை கவனமாய் மலைக்குப் போனாலும்
எங்கிருந்தோ வந்துவிடும்.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் குனிந்தால்
குதிகாலில் ஈரம், சின்னதாய்ச் சிவப்பு.
இந்தச் சந்தோசமும் அப்படித்தான் ஏறியது.
வெயில் காய்ந்த மலையில்
நான் அட்டையைக் கண்டதில்லை.

அன்றிரவு மக்தலேன் அழுதாள்.
பக்கத்தில் படுத்து முதுகைத் தடவினேன்.
அழுகைக்கு நடுவே
"அந்த இஞ்சித் துண்டு" என்றாள்.
தோள் திரும்பவும் குலுங்கியது.
எது குலுக்கியது என்று
இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

விடிய ஆறு மணிக்குப் பெக்கோச் சத்தம்.
அவளை முன்னுக்கு நடக்கவிட்டு
கரிந்த திரியைத் துடைத்து
மேசை லாச்சிக்குள் வைத்தேன்.
பாதி இருக்கிறது.
இன்னுமொரு ஞாயிறுக்குக் காணும்.