ஒன்றேமுக்கால்

ஃபால்கனின் ராக்கர் தண்டு வியாழக்கிழமை முறிந்தது.
ஞாயிறு பந்தயம்.
ஓலவாரியாவில் அதற்கு மாற்று கிடையாது.
அசூலில் ஒன்று இருந்ததாம், நேற்றுவரை.

என் தம்பி எவாரிஸ்தோ
லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான்,
சர்க்கரை போடாமல், தண்டனைபோல.

கொல்லையில் தகரத்துக்கு அடியில்
ஒரு ஷெவர்லே எஞ்சின் கிடக்கிறது.
அதற்கும் வரிசையாய் ஆறு சிலிண்டர்.
என் கணவராக இருந்த ஓஸ்மாருடையது.
விவாகரத்துச் சட்டம் வந்த வருஷம்
நாற்காலிகளைப் பாகம் பிரித்தோம்,
நாயை அவர் கூட்டிப்போனார்,
எஞ்சினை நாளை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.
நான்கு குளிர்காலம் ஆயிற்று.

இந்த ஊரில் ஃபோர்டு வீடு, ஷெவர்லே வீடு.
ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் தீர்மானமாகிவிடும்.
பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள்.
ஸ்பானர் மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

"அதன் ராக்கர்களை இதில் போடலாம்" என்றேன்.
எவாரிஸ்தோ சிலுவை போட்டுக்கொண்டான்.

பொருத்தம் பார்க்க உட்கார்ந்தேன்.
இங்கே பன்னிரண்டும் ஒரே தண்டில்
கூட்டுக்குடும்பமாய்க் கோத்து நின்றவை.
அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டட், தனிக்குடித்தனம்.
ஹெட்டின் பீடங்களை மில்லிங்கில் சீவினேன்.
பன்னிரண்டு துளை, பன்னிரண்டு மரை.
ஏழாவதில் டாப் உள்ளேயே ஒடிந்தது.
அந்த இரவைப்பற்றிப் பேசவேண்டாம்.

ஃபோர்டின் புஷ்ராடுக்கு உச்சியில் குழி,
ஷெவர்லே ராக்கருக்கு வயிற்றில் குழி.
இரண்டும் வாங்கிக்கொள்ளவே பிறந்தவை,
எப்படிச் சேரும்?
புதிதாய் வெட்டினேன், இரண்டு முனையும் குண்டு வைத்து.

வால்வின் உச்சியில் நீலமை தடவி
கிராங்கைக் கையால் சுற்றினேன்.
ராக்கரின் மூக்கு மையைத் துடைத்த தடம்
விளிம்பில் விழுந்திருந்தது.
நீளத்தைக் குறைத்தேன். மை. சுற்று.
குறைத்தேன். மை.
நான்காம் முறை, நட்டநடுவில்,
நெல்மணி அகலத்தில் ஒரு பளிச்.

கேம் சொல்வதை
ஃபோர்டின் ராக்கர் ஒன்றரை மடங்காக்கி வால்விடம் சொல்லும்.
ஷெவர்லேயுடையது ஒன்றேமுக்கால்.
ஓஸ்மாரும் எதையும் அப்படித்தான் சொல்வார்.

அதிகம் இறங்கினால் வால்வு பிஸ்டனை முட்டும்.
பக்கத்து வீட்டு நசாரேனோவிடம்
விளையாட்டுக் களிமண் கடன் கேட்டேன்.
பச்சை முதலை ஒன்றைத் தந்தான், திருப்பித்தர வேண்டுமென்று.
பிஸ்டன்மேல் படுக்கவைத்து இரண்டு சுற்று.
ஹெட்டைக் கழற்றினால்
முதலையின் முதுகில் நிலாப்போல ஒரு பள்ளம்.
பிளேடால் அறுத்து அளந்தேன்.
மூன்று மில்லிமீட்டர் மிச்சம்.
முதலைதான் மிஞ்சவில்லை.

கடைசியில் மூடி மூடவில்லை.
வந்தவர்கள் உயரம்.
இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் பற்றவைத்து
நீலப் பெயிண்ட் அடித்தேன், மூடிக்கும் சட்டத்துக்கும்.
ஆணையிட்டுக் கேட்டான் எவாரிஸ்தோ:
யாரிடமும் சொல்லாதே, அப்பாவின் கல்லறையிடம்கூட.

ஞாயிறு, பயிற்சிச் சுற்று முடிந்து வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
சுற்றிலும் நீலத் தொப்பிகள், பொரித்த சோரிசோப் புகை.
அந்த வழியாக ஓஸ்மார் போனார்.
போனவர் நின்றார்.
ஒரு காதைச் சாய்த்தார், கோழி பார்ப்பதுபோல.
மூடியின் உயரத்தைப் பார்த்தார்.
என் கைகளைப் பார்த்தார்.

ஒன்றேமுக்கால் மடங்கு ஏதாவது வரும் என்று
பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எட்டாவது தளர்ந்திருக்கிறது" என்றார்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

தார்ப்பாயை இழுத்துவிட்டு அதற்குள் குனிந்து
மூடியைத் திறந்தேன்.
எட்டாவதுதான்.
எங்கள் பெட்டியில் அந்த நட்டுக்கு அளவில்லை.
தார்ப்பாயின் கீழே ஒரு கை நீண்டது,
ஸ்பானருடன்.

"எஞ்சினை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்"
என்றது குரல்.