பதினாறு கிலோ ஓம்

தம்பெரேயில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
நேசியார்வி ஏரியில் கிடந்த படகை விற்றதில்
என் பங்கு, இருநூற்றுப் பத்து யூரோ,
கோட்டுப் பையில் இருந்தது.
தன் பங்கில் ரவுனோ சிம்பல் வாங்கிக்கொண்டான்.
பதினோரு வருடத் திருமணத்தில்
பிரித்துக்கொள்ள மிஞ்சியவை
அந்தப் படகும் இந்த இசைக்குழுவும்.
படகை விற்க முடிந்தது.

கடைக்கார ஓஸ்மோ
மூன்று ஹம்பக்கர்களைக் கண்ணாடிமேல் வைத்தார்,
மீனைத் தராசில் போடுமுன் வைப்பதுபோல்.

முதலாவது எட்டு கிலோ ஓம்.
விருந்தாளி இருக்கும்போது பேசுகிற குரல்.
இரண்டாவதற்கு பேட்டரி வேண்டும்.
மாற்றினாயா, மாற்றினாயா என்று
கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய ஒன்று
இனி என்னிடம் வேண்டாம்.
மூன்றாவது செராமிக் காந்தம், பதினாறு கிலோ ஓம்,
தலைமயிரைவிட மெல்லிய கம்பியை
ஆயிரமாயிரம் சுற்று சுற்றியது.

"எண்ணைப் பார்த்து வாங்காதே" என்றார்.
"ஓம் என்பது தடை. பலம் இல்லை.
அதிகம் சுற்றினால் குரல் தடிக்கும், கூர் மழுங்கும்.
உனக்கு என்னதான் வேண்டும்?"

போன மாதம் யுவாஸ்கிலா மேடையில்
சைமி தொண்டை கிழியக் கத்தினாள்,
ரவுனோ இரண்டு காலாலும் மிதித்துப் பலகையை உலுக்கினான்,
நடுவில் என் கிட்டார்
கம்பளிக்குள் மாட்டிய கொசு.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"ஆம்ப் கதறவேண்டும்" என்றேன்.
மூன்றாவதைத் தாளில் சுற்றித் தந்தார்.

எங்கள் ஒத்திகை அறை
அடுக்குமாடிக்குக் கீழே, குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கட்டிய பதுங்கறை.
இரும்புக் கதவு.
மூலையில் யாருடையவோ பனிச்சறுக்குக் கட்டைகள்.
இரண்டு பல்பில் ஒன்று எரியவில்லை.
கிட்டாரை மடியில் கிடத்தி,
சாலிடர் புகை கண்ணைக் கரிக்க,
"வெள்ளையோடு சேரவேண்டிய சிவப்பைக் கொடு" என்றேன்.
கைப்பேசி வெளிச்சத்தில்
ரவுனோ ஒரு கம்பியை நீட்டினான்.
ஒட்டினேன்.

ஆம்ப்பைப் போட்டதும் இரைச்சல்,
பழைய ஃப்ரிட்ஜ் இரண்டு சேர்ந்து முனகுவதுபோல்.
தந்தியை அடித்தால்
தகரக் குழாய்க்குள் யாரோ இருமினார்கள்.

ஹம்பக்கர் என்பது இரண்டு சுருள்,
எதிரெதிராகச் சுற்றியவை.
சரியாகக் கோத்தால்
வெளி இரைச்சலை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடும்,
தந்தி சொல்வதை மட்டும் கூட்டித் தரும்.
மாற்றிக் கோத்தால்
இரைச்சல் கூடும், பாட்டு கழியும்.
ஹெர்வந்தா வீட்டில் எங்கள் கடைசி இரண்டு வருடமும்
அந்த இணைப்பில்தான் ஓடியது.

அவன் கொடுத்தது பச்சை.
அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.
எனக்குத் தெரியும்.
காட்டுப்பழம் பறிக்கப் போன முதல் கோடையிலேயே தெரியும்,
காயும் பழமுமாக வாளியை நிறைத்துவிட்டு
பெருமையோடு நின்றவன்.
தெரிந்தும் அவனிடம்தான் கேட்டிருக்கிறேன்.
"கேட்டாய், கொடுத்தேன்" என்றான்.
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

உருக்கி, பிரித்து, மறுபடி ஒட்டினேன்.
இப்போது அமைதி.
அடித்தேன். நெஞ்செலும்பில் இடித்தது.
சறுக்குக் கட்டைகள் சுவரைவிட்டுச் சரிந்தன.
ஆனால் தடித்த தந்தி
எழுந்த வேகத்திலேயே நெளிந்து, சுருதி தள்ளாடி, அடங்கியது.
காந்தத்துக்கு அவ்வளவு பசி.
பக்கத்தில் வைத்து இழுத்தால் தந்தி பாடாது.
திருகாணியில் அரைச்சுற்று இறக்கினேன்.
இன்னும் அரை.
தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவே
ஐம்பது சென்ட் நாணயம் நுழைகிற இடம்.
நாணயம் ரவுனோவுடையது.
திருப்பிக் கேட்கவில்லை.

சைமி வர இருபது நிமிடம் இருந்தது.
தாழ்ந்த சுரத்தை அடித்துக் கையை எடுத்தேன்.
நின்றது. நின்றுகொண்டே இருந்தது,
இரும்புக் கதவின் தாழ்ப்பாள் தானே நடுங்கும்வரை.
குச்சிகளைக் கையில் எடுத்தவன்
"பேட்டரியை எங்கே வைத்தாய்?" என்றான்.
"இதற்கு வேண்டியதில்லை" என்றேன்.