மிக்ஸி, சுவர்

செவ்வாய்தோறும்
பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு.
ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்.

ரெஜினா டீச்சரிடம் முக அட்டைகள்:
சிரிப்பது, அழுவது, புருவம் நெரித்த ஒன்று.
"சேவுகா, இது சந்தோஷமா, கோபமா?"
அவன் எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்குவான்,
ஓரம் பிசகாமல்.

வீட்டில் அவனாக வைத்துக்கொண்டது
இரண்டே சொல்.
தாங்க முடியாதது எல்லாம் மிக்ஸி:
கல்யாண மேளம்,
சட்டைக் காலரில் தைத்த லேபிள்,
புதுச் செருப்பு, கன்னம் கிள்ளும் அத்தைமார்.
மிக்ஸி வந்தால் இரண்டாம் கட்டுக்கு ஓடுவான்,
பச்சைப் பூக்கல்லில் மட்டும் கால் வைத்து.
முட்டையும் சுண்ணாம்பும் இழைத்த பழஞ்சுவரில்
கன்னம் ஒட்டி நிற்பான்.
அதன் பெயர் சுவர்.
நிம்மதிக்கும் அதே பெயர்.

சில ராத்திரிகளில் அவனுக்கு மிக்ஸி
நானாகவும் இருந்திருக்கிறேன்.
டீச்சரிடம் சொன்னதில்லை.

ஆவணியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடினேன்.
சாவியைக் கொடுத்துவிட்டு வந்து
வளவில் உட்கார்ந்தேன், செருப்பைக் கழற்றாமல்.
உமையாள் காபி வைத்தாள்; கேட்கவில்லை.
ஆடை படிந்தது.

சேவுகன் வந்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
அவன் பார்த்தது என் கட்டைவிரலை.
அது ஆடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

"அப்பா மிக்ஸி."

சுண்டுவிரலை மட்டும் பிடித்து இழுத்துப் போனான்.
சிவப்புக் கல்லை மிதித்துவிட்டேன் என்று
திரும்ப முதலிலிருந்து நடக்கவைத்தான்.

அவன் கன்னம் பட்டுப் பட்டு மங்கிய வட்டத்தை
எனக்கு விட்டு
ஒரு சாண் தள்ளி நின்றான்.

அது என் இடுப்புயரம்.
மண்டியிட்டேன்.