வில்லங்கம்

வெளியே நின்று எண்ணினால் சன்னல் பன்னிரண்டு.
உள்ளே வந்து எண்ணினால் பதினொன்று.
தனகோட்டி இரண்டு முறை சுற்றிவந்தார்.
"ஒண்ண யாரோ தூக்கினு பூட்டாங்க மேடம்."

திருடு போகவில்லை.
வடக்குச் சுவரின் நான்காவது சன்னல்
கட்டும்போதே குருடு.
சட்டம் உண்டு, விளிம்பு உண்டு,
மழைநீர் வடியக் கீழ்ப்பட்டையும் உண்டு.
கதவுப் பலகையைக்கூடச் சுதையில் இழைத்துப்
பச்சை அடித்திருக்கிறார்கள்.
இந்தப் பக்கம் மூன்று என்றால்
அந்தப் பக்கமும் மூன்று வேண்டும் என்று
ஓயாமல் தூறும் ஏதோ ஒரு நாட்டில்
ஒருவன் உட்கார்ந்து கோடு இழுத்திருக்கிறான்.
அந்தக் கோட்டின் மரியாதைக்காக
ராணிப்பேட்டையில் ஒரு சுவர்
நூற்றெழுபது வருடமாகப்
பார்ப்பதுபோல் நடிக்கிறது.

அக்கினி நட்சத்திரம் ஏழாம் நாள்.
பாலாற்றில் மணலும் மிச்சமில்லை.
தோல்ஷாப்புக் காற்று தொண்டையில் உப்பாக உட்காருகிறது.
சாலையை அகலப்படுத்த இந்த பங்களா இடைஞ்சல்.
இடிக்குமுன் விலை போட
என்னை அனுப்பியிருக்கிறது பொதுப்பணித்துறை.

முகப்பில் எட்டுத் தூண்.
சாவியால் தட்டினேன். கல் இல்லை, செங்கல்.
கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெண்கரு,
தோல் உரிய உரியத் தேய்த்த உள்ளங்கைகள்.
பளிங்கு என்று வந்தவனை நம்பவைத்துவிட்டன.
ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேசாக வயிறு.
நேராகக் கட்டினால் இடுங்கித் தெரியுமாம்.
நேர் என்று தோன்றக் கொஞ்சம் கோணல் வேண்டுமாம்.
இதை எங்கள் ஆபீசில் யாரும் படிக்காமலே
கற்றுவைத்திருக்கிறார்கள்.

மேலே முக்கோண நெற்றி,
பனி விழுந்தால் வழுக்கி இறங்க.
புறா எச்சம் இறங்கியிருக்கிறது.

கூடத்தில் தேக்கு உத்தரம், பங்கா மாட்டிய கொக்கி ஆறு.
கயிறு வெளியே போகச் சுவரில் ஒரு துளை.
துளையின் வெளி உதடு மட்டும்
ஒரு விரல் ஆழம் தேய்ந்திருக்கிறது.
எதிர்ச் சுவரில் கணப்பு அடுப்பு.
"இந்த ஊர்ல குளிர் காயறதுக்கா கட்டிக்கீறான்?"
தனகோட்டி சிரித்த சிரிப்பில்
புகைபோக்கிக்குள் வௌவால் ஒன்று இடம் மாறியது.

அளக்கவேண்டுமே, தலையை உள்ளே நீட்டி
செல்போன் விளக்கை அடித்தேன்.
கரி இல்லை. துளிப் புகை இல்லை.
பூசிய நாளின் வெள்ளை அப்படியே.
அந்த வெள்ளையில், ஈரத்தில் ஆணியால் கீறிய எழுத்து,
புள்ளி வைக்க நேரமில்லாத அவசரம்:

கொததன சினனபயன
கூலி பாககி ரூ ௩ அரைககால

கொக்கிபோல் வளைந்த அந்த எண் எனக்குத் தெரியவில்லை.
தேடிப் பார்த்தேன். மூன்று.
மூன்றே அரைக்கால் ரூபாய்.

ஒருநாள் தீ மூட்டியிருந்தால்
கணக்கு கரியோடு போயிருக்கும்.
வரைபடம் போட்டவனுக்குத் தெரியாத ஒன்று
சின்னபையனுக்குத் தெரிந்திருக்கிறது:
இந்த வீட்டில் பத்திரமான இடம்
இந்த அடுப்புதான்.

மாலையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து
படிவத்தை நிரப்பினேன்.
சுவர், இத்தனை கன மீட்டர்.
தேக்கு, இத்தனை.
தேய்மானம், எண்பத்திரண்டு சதவீதம்.
சன்னல் என்ற இடத்தில் பதினொன்று எழுதி,
அடித்து, பன்னிரண்டு எழுதி,
மறுபடி அடித்தேன்.
பதினான்காம் கட்டம்: வில்லங்கம் ஏதும் உண்டா?
வழக்கமாக எல்லாரும் 'இல்லை' எழுதும் இடம்.

உண்டு என்று எழுதினேன்.
பெயர் எழுதினேன். தொகை எழுதினேன்.
ஆதாரம்: கூடத்துப் புகைபோக்கி, தரையிலிருந்து ஐந்தடி.

தனகோட்டி நாடாவைச் சுருட்டியபடி எட்டிப் பார்த்தார்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "வட்டி போட்டீங்களா?" என்றார்.

அதற்குள் ஆற்காடு பஸ் வந்துவிட்டது.